குரு பகவானும் ஜூப்பிட்டரும் ஒண்ணா? ரோமாபுரி மலைக்கோயில் கதை



போன குருப்பெயர்ச்சி பூஜை அன்னிக்கு ராத்திரி, கூட்டமெல்லாம் கலைஞ்ச பிறகு, நாங்க தொண்டூழியர்கள் அஞ்சாறு பேர் கோயில் பின்பக்கம் உட்கார்ந்து அண்டா தேய்ச்சிக்கிட்டு இருந்தோம். உதவிக்கு வந்த ஒரு தம்பி, படிவம் மூன்று படிக்கிறவன், திடீர்னு கேட்டான். "அங்கிள், குருன்னா ஜூப்பிட்டர்தானே? ஜூப்பிட்டர் ரோமன்காரங்க சாமி. அப்போ அவங்க சாமியைத்தான் நாமும் கும்பிடறோமா?"

எங்க யாருக்கும் சட்டுனு பதில் வரல. "தேய்ச்சு முடி, அப்புறம் சொல்றோம்"னு சமாளிச்சிட்டோம். ஆனா பிள்ளை கேட்ட கேள்வியைக் கிடப்பில் போடறது தப்பு. எழுதுற நாங்க எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவங்க, பகல்ல ஃபேக்டரியில் மோல்டிங் லைன் பார்க்கிற வேலை. ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாள்ல உட்கார்ந்து படிச்சோம். படிக்கப் படிக்க அந்தத் தம்பி கேட்டதை விட பெரிய கதை ஒண்ணு கிடைச்சது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல்ல தம்பிக்குப் பதில். கிரகம் ஒண்ணு, சாமி வேற. வானத்தில் மினுங்குற அந்த வியாழன் கோளுக்கு ரோமர்கள் தங்கள் பெரிய சாமியான ஜூப்பிட்டர் பேரை வச்சாங்க. நம்ம ஆட்கள் அதே கோளுக்கு பிரகஸ்பதி, குரு என்று பேர் வச்சாங்க. பிரகஸ்பதி தேவர்களுக்கு ஆசான், புரோகிதர். ஜூப்பிட்டர் அப்படி இல்லை. அவர் வானத்துக்கே ராஜா, கையில் இடி மின்னல் வச்சிருக்கிறவர். நாள் கணக்கு மட்டும் ஒத்துப்போகுது. லத்தீன்ல வியாழக்கிழமை ஜூப்பிட்டர் நாள். இத்தாலிக்காரங்க இன்னிக்கும் ஜோவெதீன்னு அதைத்தான் சொல்றாங்க. கிரகங்கள் பேரில் ஏழு நாள் என்கிற வழக்கம் ரோமப் பேரரசு காலத்தில் பரவி, ஜோதிடத்தோடு சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. நம்ம நாட்டில் நாம சொல்ற காமிஸ் அரபியிலிருந்து வந்தது, வெறும் 'ஐந்தாவது'ன்னுதான் அர்த்தம், அதுக்கும் கோளுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனா வேற ஒரு சொந்தம் உண்டு. ரிக் வேதத்தில் 'த்யௌஸ் பிதா' என்று ஒருத்தர் வருவார். வானத் தந்தை. கிரேக்கர்கள் ஜீயஸ் பத்தேர் என்று கூப்பிட்டது, ரோமர்கள் ஜூப்பிட்டர் என்று கூப்பிட்டது, இந்த த்யௌஸ் பிதா, மூணும் ஒரே பழைய சொல்லிலிருந்து கிளைச்சது என்று மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. ஒளி, பகல், வானம் என்கிற அர்த்தம். நாம 'தேவன்' என்று சொல்ற சொல்லும் அந்த வேர்தான். நம்ம பக்கம் த்யௌஸ் பிதா மெல்ல மெல்ல ஓரமாகிட்டார். இடி மின்னலை இந்திரன் எடுத்துக்கிட்டார். தனியா அவருக்கு யாரும் கோயில் கட்டல. ரோமில்தான் அவர் பெரிய ஆளாகி, மலை மேல ஏறி உட்கார்ந்தார்.

அந்த மலைக்குப் பேர் கேப்பிட்டோலின். மலைன்னா நம்ம பத்துமலை மாதிரி நினைக்காதீங்க, ஒரு குன்றுதான். அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு மனுஷத் தலை கிடைச்சதாகவும், 'தலை' என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பேர் வந்ததாகவும் கதை. கட்ட ஆரம்பிச்சது டார்குவின் வம்சத்து ராஜாக்கள். அடித்தளம் மட்டும் 60 மீட்டருக்கு மேல் நீளம், 50 மீட்டருக்கு மேல் அகலம். உள்ளே மூணு சன்னதி. நடுவில் ஜூப்பிட்டர், ஒரு பக்கம் அவர் மனைவி ஜூனோ, இன்னொரு பக்கம் மகள் மினெர்வா.

அந்த இடத்தில் ஏற்கெனவே சின்னச் சின்ன சாமிகளுக்குப் பீடங்கள் இருந்தது. ஒவ்வொரு சாமிகிட்டயும் சகுனம் பார்த்து, "இடம் மாறிக்கிறீங்களா?" என்று உத்தரவு கேட்டாங்க. எல்லாரும் சம்மதிச்சாங்க. டெர்மினஸ் மட்டும் மாட்டேன்னுட்டார். அவர் எல்லைக்கல் சாமி. வயலுக்கு வரப்புக் கல் நடுவோமே, அந்தக் கல்லே அவர்தான். ராஜா என்ன பண்ணினார்? கல்லைப் பெயர்க்கல. பெரிய கோயிலை அவரைச் சுத்திக் கட்டினார். டெர்மினஸுக்குத் திறந்த வானத்துக்கு கீழேதான் பூஜை செய்யணும் என்பதால், அவருக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஓட்டையும் விட்டாங்க. உலகத்தை ஆளப்போற கோயில் கூரையில் ஒரு சின்னக் கல்லுக்காக ஓட்டை! மழை பெய்ஞ்சா உள்ளே தண்ணி வந்திருக்கும். யாராவது ஒருத்தர் துடைச்சிருப்பாங்க.

மூல விக்கிரகம் தங்கமும் இல்லை, பளிங்கும் இல்லை. சுட்ட மண். வெய் என்கிற எட்ரஸ்கன் ஊர்லேர்ந்து வுல்கா என்ற சிற்பியை வரவழைச்சு செஞ்சது என்று பிளினி எழுதியிருக்கார். கூரை உச்சியில் வைக்கிறதுக்கு நாலு குதிரை பூட்டிய மண் ரதம் ஒண்ணையும் அதே ஊரில் சூளையில் வச்சாங்க. மண் சுட்டா சுருங்கணும். இந்த ரதமோ சூளைக்குள்ளேயே ஊதிப் பெருசாகி, சூளையை உடைச்சுத்தான் வெளியே எடுத்தாங்களாம். இது புளூட்டார்க் சொல்ற கதை. மோல்டிங் வேலை பார்க்கிற எங்களுக்குத் தெரியும், அச்சிலிருந்து வர்ற சாமான் எப்பவும் அளவு குறையும், கூடாது. அந்த ஊர்க்காரங்களுக்கும் அது தெரிஞ்சதுதான், அதனாலதான் இதை நல்ல சகுனம்னு பயந்துபோய்க் கொடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சாங்க. கடைசியில் ரதம் ரோமுக்கு வந்துடுச்சு.

ராஜாக்களைத் துரத்திட்டுக் குடியரசு ஆன முதல் வருஷத்திலேயே, கி.மு. 509 செப்டம்பர் 13, கோயில் பிரதிஷ்டை என்று அவங்க பாரம்பரியக் கணக்கு. பிரதிஷ்டை செஞ்சவர் ஹொராட்டியஸ் என்ற கான்சல். அவருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கக்கூடாதுன்னு எதிர்க்கட்சிக்காரங்க நினைச்சாங்க. அவர் நிலைக்காலைப் பிடிச்சிக்கிட்டு மந்திரம் சொல்லிக்கிட்டு இருக்கும்போது, "உன் பையன் செத்துட்டான்"னு வந்து சொன்னாங்க. சாவுத் தீட்டு வந்தா அவர் விலகணுமே. அவர் கையை எடுக்கல. "சரி, எடுத்து அடக்கம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிட்டு மந்திரத்தை முடிச்சார். அந்தச் செய்தியை அவர் நம்பலையா, இல்லை நம்பியும் மனசைக் கல்லாக்கிக்கிட்டாரா என்பது தெளிவா இல்லைன்னு லிவி எழுதுறார். கோயில் கமிட்டி அரசியல் 2,500 வருஷப் பழசுன்னு இதைப் படிச்சதும் எங்களுக்குத் தோணிச்சு. ஆனா சாவு விஷயத்தில் கூட விளையாடறது ரொம்ப ஓவர்.

வருஷா வருஷம் அதே செப்டம்பர் 13-இல் கோயில் சுவரில், மினெர்வா சன்னதிப் பக்கம், ஒரு ஆணி அடிப்பாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க குறைவா இருந்த காலத்தில் வருஷக் கணக்குக்கு அந்த ஆணிதான் காலண்டர்.

இப்போ எங்களுக்குப் பிடிச்ச பகுதி. இந்தக் கோயில்ல வேலை பார்த்தவங்க யாரு?

வெற்றிபெற்ற தளபதி முகத்தில் செந்தூரம் பூசி, நாலு குதிரை ரதத்தில் ஊர்வலம் வந்து, மலையேறி ஜூப்பிட்டர் மடியில் வாகை இலையை வைப்பார். வெள்ளைக் காளையைப் பலி கொடுப்பாங்க. (பலி நமக்கு ஒத்துக்காத விஷயம், இருந்தாலும் நடந்ததை மறைச்சு எழுத முடியாது.) இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் படத்தோட வரும். படத்தில் வராத வேலை நிறைய. தணிக்கை அதிகாரிகள், அவங்களுக்கு சென்சார்னு பேர், பதவிக்கு வந்ததும் விடுற முதல் ரெண்டு கான்ட்ராக்ட் என்ன தெரியுமா? ஜூப்பிட்டர் முகத்துக்குச் சிவப்பு பூசுற வேலை, கோயில் வாத்துகளுக்குத் தீனி போடற வேலை. ரோடு, பாலம், வரி வசூல் எல்லாம் அப்புறம்தான். அந்த வாத்துகள் ஜூனோவுக்கு நேர்ந்து விட்டவை. கி.மு. 390 வாக்கில் கால் இனத்துப் படை ஊரைப் பிடிச்சிட்டது. மலை மேல ஒதுங்கின ஜனங்க பட்டினி. அந்தப் பட்டினியிலும் சாமி வாத்துன்னு யாரும் அறுத்துத் தின்னல. ஒரு ராத்திரி எதிரி பாறை வழியா ஏறினப்போ நாய் குலைக்கல, வாத்துதான் கத்தி எழுப்பிச்சாம். தீனி கான்ட்ராக்ட் ஏன் முதல்ல வந்ததுன்னு இப்போ புரியுதா?

நாய்ன்னதும் ஞாபகம் வருது. ஹன்னிபாலை ஜெயிச்ச ஸ்கிப்பியோ விடியறதுக்கு முன்னாடியே தனியா மலையேறி, சன்னதியைத் திறக்கச் சொல்லி உள்ளே ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாராம். கோயில் காவல் நாய்கள் வேற யார் வந்தாலும் பாயும், அவரைப் பார்த்து மட்டும் ஒரு சத்தமும் போடாதாம். நம்ம கோயில்லேயும் அப்படி ஒரு பாட்டி இருந்தாங்க. யாருன்னு பழைய ஆட்களுக்குத் தெரியும்.

செப்டம்பரிலும் நவம்பரிலும் 13-ஆம் தேதி சாமிக்கு விருந்து. ஜூப்பிட்டரை மஞ்சத்தில் சாய்ச்சு, ரெண்டு தேவியரையும் நாற்காலியில் உட்கார வச்சு, படையல் போடுவாங்க. செனட்டர்கள் கூட உட்கார்ந்து சாப்பிடுவாங்க. இந்த விருந்து வேலையைப் பார்க்க மட்டும் கி.மு. 196-இல் மூணு பேர் கொண்ட தனிக்குழு போட்டாங்க. பிறகு அது ஏழு பேர் ஆச்சு. அன்னதானக் குழு!

செனெக்கா என்ற பெரிய தத்துவ ஞானி ஒருநாள் கோயிலுக்குப் போனார். பார்த்ததை எழுதி வச்சார். அவர் புத்தகம் காணாமப் போச்சு, ஆனா புனித அகஸ்டின் தன் நூலில் அந்தப் பகுதியை எடுத்துப் போட்டிருக்கிறதால நமக்குத் தெரியுது. ஒருத்தன் வந்தவங்க பேரை ஜூப்பிட்டர்கிட்ட அறிவிக்கிறான். ஒருத்தன் மணி சொல்றான். ஒருத்தன் குளிப்பாட்டுற மாதிரி, எண்ணெய் தேய்க்கிற மாதிரி காற்றிலேயே கையை ஆட்டுறான். பெண்கள் சிலர் ஜூனோவுக்கும் மினெர்வாவுக்கும் தலை வாரிவிடறாங்க. விக்கிரகத்துக்குத் தூரத்தில், சன்னதிக்கே தூரத்தில் நின்னுக்கிட்டு, விரலால் பின்னல் போடற மாதிரி அசைச்சுக்கிட்டு. சிலர் கண்ணாடி பிடிக்கிறாங்க. கோர்ட்டு கேஸ் உள்ளவன் மனுவைச் சாமிகிட்ட காட்டி விளக்கம் சொல்றான். வயசாகி, மேடையில் யாரும் கூப்பிடாத ஒரு கூத்தாடி தினமும் வந்து சாமி முன்னாடி ஆடிட்டுப் போறான். மனுஷன் பார்க்காம விட்டதைத் தெய்வம் பார்க்குமான்னு செனெக்காவுக்குச் சிரிப்பு.

எங்களுக்குச் சிரிப்பு வரல. செனெக்கா நீரோ சக்கரவர்த்திக்கு வாத்தியாரா இருந்தவர், ஊரில் பெரிய பணக்காரர். அவர் அறிவுக்கு அது பைத்தியக்காரத்தனமா தெரிஞ்சிருக்கு. ஆனா தொட அனுமதி இல்லாத அம்மனுக்குத் தூரத்திலிருந்தே பின்னல் போட்ட அந்த அம்மாக்களைப் பத்தி எழுதி வச்சதும் அவர் ஒருத்தர்தான். அலங்காரம் முடிஞ்சு திரை விலகுற நேரத்தில் நம்ம அம்மாக்கள் முகத்தைப் பார்த்திருக்கீங்களா? அந்தக் கூத்தாடி கிழவரும் எங்க மனசில் நின்னுட்டார்.

ஒரு சின்ன விஷயம், சொல்லாம விட மனசில்லை. அகஸ்டஸ் சக்கரவர்த்தி ஸ்பெயின் பக்கம் போர்ப் பயணம் போனப்போ பல்லக்குக்குப் பக்கத்தில் மின்னல் விழுந்து, பந்தம் பிடிச்சு முன்னே போன அடிமை செத்துட்டான். தப்பிச்ச நன்றிக்கு 'இடி முழக்கும் ஜூப்பிட்டர்' என்று அதே மலையில் தனிக் கோயில் கட்டினார், கி.மு. 22-இல் பிரதிஷ்டை. புதுக் கோயிலுக்கு அடிக்கடி போனார். ஒருநாள் கனவில் பெரிய கோயில் ஜூப்பிட்டர் வந்து, "என் பக்தர்களை இழுத்துக்கிட்டுப் போறாங்க"ன்னு புகார் பண்ணாராம். "அவர் உங்களுக்கு வாசல் காவல்காரர்தான் சாமி"ன்னு அகஸ்டஸ் சமாதானம் சொல்லி, காவல்காரர் வீட்டு வாசலில் மணி இருக்குமே, அந்த மாதிரி புதுக் கோயில் முகப்பில் மணி கட்டிவிட்டார். செத்த அடிமை பேர் எங்கேயும் வரல.

இப்போ அர்ச்சகர் விஷயம். ஜூப்பிட்டருக்கென்றே ஒரு பெரிய பூசாரி. ஃபிளாமென் டியாலிஸ் என்று பதவிப் பேர். அவருக்கு இருந்த கட்டுப்பாடு கொஞ்சநஞ்சமில்லை. குதிரை ஏறக்கூடாது. அணிவகுத்த படையைக் கண்ணால் பார்க்கக்கூடாது. சத்தியம் செய்யக்கூடாது. உடுப்பில் ஒரு முடிச்சு கூட இருக்கக்கூடாது. மோதிரம் போட்டா அது வெட்டு விட்ட மோதிரமா இருக்கணும். ஆடு, பச்சை மாமிசம், அவரைவகைப் பயறு தொடக்கூடாது, பேர் கூட சொல்லக்கூடாது. பிணம் தொடக்கூடாது. திறந்த வானத்துக்கு கீழே தொப்பி இல்லாம நிற்கக்கூடாது, ஏன்னா மேலே பார்க்கிறவர் ஜூப்பிட்டர். கட்டில் காலில் மெல்லிசா களிமண் பூசியிருக்கணும், அந்தக் கட்டிலை விட்டுத் தொடர்ந்து மூணு ராத்திரி வெளியே தங்கக்கூடாது. வெட்டின நகம், முடியை நல்ல மரத்தடியில் புதைக்கணும். மனைவியும் பூஜையில் பங்காளி. அவங்க இறந்துட்டா அன்னியோட இவர் பதவியும் போச்சு.

கடுமையாத் தெரியும். ஆனா அதே விதிகளில் இதுவும் இருக்கு: விலங்கு மாட்டின கைதி அவர் வீட்டுக்குள்ளே வந்துட்டா கட்டை அவிழ்த்தே ஆகணும், அவிழ்த்த கட்டை முற்றம் வழியா கூரை மேல ஏத்தித் தெருவில் வீசணும். சவுக்கடிக்கு இழுத்துப் போறவன் வழியில் இவர் காலில் விழுந்தா அன்னிக்கு அவனை அடிக்கக்கூடாது. முடிச்சே இல்லாத மனுஷன் பக்கத்தில் யாரும் கட்டுண்டு இருக்கக்கூடாது போல.

கி.மு. 87-இல் உள்நாட்டுச் சண்டை. அப்போ இந்தப் பதவியில் இருந்த மெருலா, எதிராளிகள் கையில் சிக்கறதுக்கு முன்னாடி உயிரை விட்டார். சாகிறதுக்கு முன்னாடி பூசாரித் தொப்பியைக் கழற்றி வச்சிட்டேன்னு எழுதி வச்சுட்டுப் போனாராம், தொப்பியோட செத்தா தோஷம் என்பதால. அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு ஒரு இளவட்டத்தைப் பேர் குறிச்சாங்க. யாருன்னு நினைக்கிறீங்க? ஜூலியஸ் சீசர்! ஆட்சி மாறினதும் சுல்லா அதை ரத்து பண்ணிட்டார். அந்தப் பதவி நிலைச்சிருந்தா சீசர் ஆயுசுக்கும் குதிரை ஏறியிருக்க முடியாது, படையைப் பார்த்திருக்க முடியாது. சரித்திரமே வேற.

அப்புறம் அந்த நாற்காலி காலியாவே கிடந்தது. கி.மு. 11 வரைக்கும், எழுபது வருஷத்துக்கு மேல. பூஜை நிக்கல, மற்ற குருமார்கள் பார்த்துக்கிட்டாங்க. ஆனா ஊரின் முதல் சாமிக்குப் பெரிய பூசாரி இல்லை. அந்தக் காலத்தில்தான் ரோம் உலகத்தையே வளைச்சுப் போட்டது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு கவர்னர் பதவி வேணும், படை வேணும், வெளிநாடு வேணும். மூணு ராத்திரி கட்டிலை விட்டு நகர முடியாத வேலை யாருக்கு வேணும்? அகஸ்டஸ் ஒருத்தரைப் பிடிச்சு உட்கார வச்சார். அவரும் கி.பி. 22-இல் ஆசியா மாநில கவர்னரா போகணும்னு கேட்டு, சக்கரவர்த்தி திபேரியஸ் மறுத்துட்டார். அடுத்த வருஷம் அவர் இறந்ததும், பழைய சடங்கு முறைப்படி கல்யாணம் செஞ்ச குடும்பங்களே குறைஞ்சு போச்சு, ஆள் கிடைக்கலன்னு திபேரியஸ் செனட்டில் பேசி, விதியைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. பூசாரி மனைவி பூஜை விஷயத்தில் மட்டும் கணவர் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டா போதும், மற்றபடி மற்ற பெண்களைப் போலத்தான் என்று சட்டம் வந்தது. நம்ம கூட்டத்திலும் "காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும்", "ஒரு எழுத்து மாத்தக்கூடாது"ன்னு ரெண்டு கட்சி உண்டு. ரெண்டு கட்சிக்கும் இதில் தீனி இருக்கு.

தீ விபத்துக்கு வருவோம். கி.மு. 83-இல் முதல் தடவை கோயில் எரிஞ்சது. உள்ளே இருந்த சிபில் தீர்க்கதரிசனச் சுவடிகளும் போச்சு. சுல்லா திருப்பணி ஆரம்பிச்சார். ஏதென்ஸில் முடியாம கிடந்த ஜீயஸ் கோயிலிலிருந்து தூண்களை ரோமுக்குக் கொண்டு வந்ததா பிளினி எழுதுறார். குடமுழுக்கு பார்க்காமலே சுல்லா செத்துட்டார். தன் வாழ்க்கையில் குறைன்னா அது ஒண்ணுதான்னு சொன்னாராம். கி.மு. 69-இல் கட்டுலுஸ் பேரில் பிரதிஷ்டை ஆச்சு.

ரெண்டாவது தடவைதான் மனசு கஷ்டப்படுது. கி.பி. 69 டிசம்பர். ஒரே வருஷத்தில் நாலு சக்கரவர்த்திகள். வெஸ்பாசியன் கட்சிக்காரங்க மலை மேல ஒளிஞ்சாங்க, விட்டெல்லியஸ் கட்சிக்காரங்க கீழேயிருந்து தாக்கினாங்க. யார் தீ வச்சதுன்னு ரெண்டு விதமா பேச்சு. எதிரி நாட்டுக்காரன் யாரும் வரல, சொந்த ஜனங்க போட்ட சண்டையில் சொந்தக் கோயில் சாம்பலாச்சு. ரோம் பிறந்ததிலிருந்து நடந்ததிலேயே இதுதான் அவமானம்னு டேசிட்டஸ் எழுதுறார்.

ஆறு மாசம் கழிச்சு, கி.பி. 70 ஜூன் 21, புது அஸ்திவாரம். ஜோசியம் பார்க்கிற எட்ரஸ்கன் குருமார்கள் முன்கூட்டியே சொல்லிட்டாங்க: இடிபாட்டைச் சதுப்பு நிலத்தில் கொண்டு கொட்டணும், பழைய அளவு மாறக்கூடாது, வேற காரியத்துக்குன்னு வச்ச கல்லையோ தங்கத்தையோ இதில் சேர்க்கக்கூடாது. உயரம் மட்டும் கூட்டிக்கலாம்னு அனுமதி. அன்னிக்கு வானம் தெளிவா இருந்ததாம். இடத்தைச் சுத்தி நூல், மாலை கட்டினாங்க. நல்ல பேர் உள்ள சிப்பாய்களாப் பொறுக்கி, கையில் மங்கல மரக்கிளையோட உள்ளே விட்டாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற பிள்ளைகள், வெஸ்டல் கன்னியரோட வந்து ஊற்றுத் தண்ணி, ஆற்றுத் தண்ணி தெளிச்சாங்க. பூஜை முடிஞ்சதும் ஒரு பெரிய கல்லில் கயிறு கட்டி, அதிகாரிகள், குருமார்கள், செனட்டர்கள், ஊர் ஜனங்க எல்லாரும் சேர்ந்து இழுத்தாங்க. உருக்காத பொன், வெள்ளியை அஸ்திவாரத்தில் போட்டாங்க. அப்புறமா ரோமுக்கு வந்து சேர்ந்த வெஸ்பாசியன், அறுபது வயசுக்காரர், தானே இடிபாட்டைத் தோளில் சுமந்தார். தீயில் போன 3,000 வெண்கலச் சாசனங்களுக்கு ஊரெல்லாம் நகல் தேடி மறுபடியும் எழுத வச்சார். கோத்தோங் ரோயோங்குன்னா இதுதான்னு படிக்கும்போது எங்களுக்குக் கையெல்லாம் சிலிர்த்தது.

ஆனா கதை அங்கே நிக்கல. அதே வருஷம் ஆகஸ்ட்டில், வெஸ்பாசியன் மகன் டைட்டஸோட படை ஜெருசலேமில் யூதர்கள் கோயிலை எரிச்சுத் தரைமட்டமாக்கிச்சு. யூதர்கள் தங்கள் கோயிலுக்கு வருஷத்துக்கு ரெண்டு திராக்மா காணிக்கை கட்டுறது வழக்கம். இனிமே அந்தப் பணத்தை ரோமில் ஜூப்பிட்டர் கோயிலுக்குக் கட்டணும்னு வெஸ்பாசியன் உத்தரவு போட்டார். முன்னே வயசு வந்த ஆண்கள் மட்டும் கட்டினது, இப்போ பெண்கள், பிள்ளைகள் மேலேயும் விழுந்தது. வேற காரியத்துக்கு வச்ச தங்கம் சேரக்கூடாதுன்னு அஸ்திவாரத்தன்னிக்குக் கேட்டாங்களே, அந்தக் கோயிலுக்கு! தோளில் கல் சுமந்த அதே மனுஷன். கும்பிடாதவன் கிட்ட, அவன் சாமி வீட்டை எரிச்ச பிறகு, அவன் காணிக்கையையே வரியாப் பிடுங்கிக் கட்டின கோயில். ஒரு உபயத்துக்குக் கொடுத்த பத்து வெள்ளியை வேற செலவுக்கு எழுதினாலே நம்ம பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மூடிட்டு எழுந்துடுவார். அவர் பண்றது சரிதான்னு நாங்க சொல்றோம்.

அந்தக் கோயிலும் பத்து வருஷம் தாங்கல. கி.பி. 80-இல் ரோமில் மூணு நாள் எரிஞ்ச தீயில் போச்சு. டொமிஷியன் நாலாவது தடவையா கட்டினார். தங்கமுலாம் பூசின செலவே 12,000 தாலந்துக்கு மேல்னு புளூட்டார்க் சொல்றார். ஏதென்ஸில் பளிங்குத் தூண்களை வெட்டினப்போ அவர் நேரில் பார்த்தாராம், உயரத்துக்கும் பருமனுக்கும் அவ்வளவு பொருத்தம். ரோமில் கொண்டுவந்து இன்னும் செதுக்கி, இன்னும் பாலிஷ் போட்டதில் தூண் இளைச்சுப்போய் அழகு கெட்டுடுச்சாம். எங்க லைன்லேயும் புதுப் பையன்கள் இப்படித்தான், பளபளப்பா வரணும்னு தேய்ச்சுத் தேய்ச்சு அளவைக் கெடுத்துடுவாங்க.

அது முன்னூறு வருஷத்துக்கு மேல நின்னது. அடுத்தது நெருப்பால வரல. கி.பி. 382-இல் கிரேஷியன் சக்கரவர்த்தி பழைய குருமார்களுக்குப் போன அரசாங்கப் பணத்தை நிறுத்தினார். 391, 392-இல் தியோடோசியஸ் சட்டம் போட்டு பலியையும் கோயில் வழிபாட்டையும் தடை பண்ணினார். அரசாங்கக் கோயிலுக்கு அரசாங்கம் போனா வேற என்ன மிச்சம்? ஸ்டிலிக்கோ என்ற தளபதி கதவில் இருந்த தங்கத் தகட்டை உரிச்சு எடுத்தார். 455-இல் வாண்டல் ராஜா கைசெரிக் வந்து, பொன்முலாம் பூசின வெண்கலக் கூரையில் பாதியைக் கழற்றிக் கப்பலில் ஏத்திட்டார். அப்புறம் ஊர்க்காரங்களே கல் வேணும்னா அங்கே போய் எடுத்துக்கிட்டாங்க. 16-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தில் ஒரு பணக்காரக் குடும்பம் மாளிகை கட்டினது. மூணு தடவை எரிஞ்சும் எழுந்த கோயில் அது. நாலாவது தடவை கயிறு பிடிச்சு இழுக்க ஆள் வரல.

இப்போ கேப்பிட்டோலின் அருங்காட்சியகத்துக்குள்ளே அந்த அடித்தளச் சுவர் ஒரு பகுதி இருக்கு. டார்குவின் ராஜா காலத்துச் சாம்பல் நிறக் கல், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது. டொமிஷியன் தங்கம் ஒரு துண்டும் அங்கே இல்லை.

எங்கள்ல பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவங்க. ரப்பர் போய் செம்பனை வந்து, அப்புறம் நிலமும் கைமாறி, ஜனங்க டவுன் பக்கம் வந்துட்டோம். நாங்க சின்ன வயசில் தீ மிதிச்ச கோயிலுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தோம். தகரக் கூரை இருந்தது, சூலம் இருந்தது, விளக்கில் எண்ணெய் இல்லை. யாரும் எரிக்கல, யாரும் இடிக்கல. அங்கே தொங்கின மணியை அவுத்துக் கொண்டு வந்தோம். நம்ம கோயில் சமையல்கட்டு வாசலில் இருக்கிறதே, சாப்பாடு ரெடின்னா அடிக்கிற மணி, அதுதான்.

தம்பிகிட்ட பதில் சொல்லியாச்சு. அவனுக்கு டெர்மினஸ் கதைதான் ரொம்பப் பிடிச்சது, கூரை ஓட்டையைப் படம் போட்டுக் காட்டச் சொன்னான்.

வர்ற ஞாயிறு காலை 7 மணிக்கு திருப்பணிக்கு முன்னேற்பாடா பழைய மடப்பள்ளி ஓடு இறக்கிற வேலை இருக்கு. போன தடவை பதினொரு பேர்தான் வந்தோம். வர்றவங்க பழைய உடுப்பு போட்டுட்டு, கையுறை இருந்தா எடுத்துட்டு வாங்க. லோரி ஏற்பாடு ஆயிடுச்சு. பசியாற இட்லியும் சாம்பாரும் கோயில்லேயே இருக்கும்.